பிடித்தலும் விடுதலும்

1658 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், நமது தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஆங்கில வழக்கிலே அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவுக்கு அவர்கள் இட்ட பெயர் அம்ஸ்ரர்டாம். காரைநகர் மக்கள் அப்பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏடுகளிலும் பழைய வரைபடங்களிலும் மாத்திரம் அது எஞ்சியது. அப்பெயருக்கு உரிய மூல நகரத்தை 2023 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையிலே காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தம்பியார் குடும்பத்துடன் அங்கே வாழ்கின்றார்.

அம்ஸ்ரர்டாம் நீரின்மேல் எழுந்த நகரம். அம்ஸ்ரல் என்னும் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையே ஊருக்குப் பெயராயிற்று. பதினேழாம் நூற்றாண்டிலே வெட்டிய பெருங்கால்வாய்கள் நகரின் நடுவை அரைவட்டங்களாகச் சுற்றி நிற்கின்றன. 2010 இலே அவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. நகருக்கு வெளியே சென்றால், கடல்மட்டத்திலும் தாழ்ந்த புல்வெளிகளும், அவற்றினிடையே கோடு கிழித்தாற்போன்ற நீர்ப்பள்ளங்களும் காணப்படும். கிழக்கே ஒரு காலத்தில் உப்புக் கடலாயிருந்த சூய்டர் வளைகுடாவை 1932 இலே பேரணை கட்டி மறித்தனர். அது நன்னீர் ஏரியாகிவிட்டது. ஒரு குளத்தைத் தூர்வாரவே ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் நமக்கு, கடலையே குளமாக்கிய இவ்வினை வியப்பைத் தந்தது.

இத்துணை நன்னீர் உள்ள இடத்தில் மீன் இராமற் போகுமா? ஊர்க் கால்வாய்களைப் பற்றி அந்நகரத்தார் ஒரு வேடிக்கை சொல்வதுண்டு: மூன்று மீற்றர் ஆழத்தில் ஒரு மீற்றர் சேறு, ஒரு மீற்றர் துவிச்சக்கர வண்டி, மிஞ்சியதே தண்ணீர் என்பர். அவ்வாறு மிஞ்சிய தண்ணீரிலே, பிற மீனை வேட்டையாடி வாழும் மூவகை மீன்கள் சிறப்பாக வாழ்கின்றன. அவற்றை ஒல்லாந்தர் தம் மொழியிலே 'கொள்ளைக்கார மீன்' என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். முதலாவது ஸ்னூக்; ஆங்கிலத்திலே பைக் எனப்படுவது. வாத்தின் அலகு போலத் தட்டையான வாயும், உள்ளே வரிசை வரிசையாகப் பற்களும், வாலுக்கு அருகிலே தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பும் உடையது. நீர்ப்பூண்டின் மறைவிலே அசையாது கிடந்து, இரை அணுகியதும் அம்பு போலப் பாயும். ஒரு மீற்றருக்கு மேல் வளர்வதும் உண்டு. இரண்டாவது ஸ்னூக்பார்ஸ், சாந்தர் என்றும் சொல்வர். பூனையின் கண் போல ஒளியைத் திருப்பிக் காட்டும் கண்ணுடையது. கலங்கல் நீரிலும் அந்திப் பொழுதிலும் அதற்குப் பார்வை தெளிவு. மூன்றாவது பார்ஸ், உடலிலே கருங்கோடுகளும் செந்நிறத் துடுப்புகளும் கொண்டு, கூட்டமாக வேட்டையாடும் சிறு மீன்.

இம்மீன்களைப் பிடிக்க விரும்புவோரை அழைத்துச் செல்வதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டிகள் அந்நகரிலே உளர். படகு, தூண்டிற்கோல், செயற்கை இரை யாவும் அவர்களே தருவர். எந்த மாதத்தில், எந்தப் பாலத்தின் கீழ், எந்த ஆழத்தில் மீன் நிற்கும் என்னும் அறிவே அவர்கள் விற்கும் முதன்மைச் சரக்கு. விருந்தினர் தமக்குரிய அனுமதிச் சீட்டை முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். தூண்டிற்காரர் சங்கமொன்றிலே சேர்ந்தாற்றான் அச்சீட்டுக் கிடைக்கும்.

இந்தப் பயணமொன்றைக் குறித்துத் தம்பியார் வீட்டிலே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. பிறந்தநாட் பரிசாக வழிகாட்டியுடன் ஒருநாட் பயணம் வேண்டுமென்று அவன் கேட்டிருக்கிறான், தந்தையார் மறுத்துவிட்டார். நாம் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே வழக்கு நம்முன் வந்தது.

"அண்ணை, நீங்களே இவனுக்குச் சொல்லுங்கோ. பசிக்குப் பிடிச்சுத் தின்னுறது வேறை. பொழுதுபோக்குக்கு ஒரு சீவனைக் கொழுக்கியிலை மாட்டி இழுத்துப் பாக்கிறது வேறை. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது."

பையன் நம்மை நோக்கித் திரும்பினான். அவனுடைய தமிழிலே ஒல்லாந்த ஓசை கலந்திருந்தாலும் வாதத்திலே கலக்கம் இருக்கவில்லை. "பெரியப்பா, அப்பா வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் கடையிலை மீன் வாங்கித் தின்னுறார். அந்த மீன் எல்லாம் செத்தது. நான் பிடிச்ச மீனைத் திரும்ப விட்டிடுவன். அப்ப ஆர் கூடப் பிழை?"

கேள்வி கூர்மையானது. மரக்கறி உணவையே கொள்ளும் நம்மை நடுவராக்குவதிலே இருவரும் ஒருமனப்பட்டிருந்தனர். காணாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் வகுப்பறையிலும் நமக்கு இல்லை. ஆதலால், பையன் போகட்டும், நாமும் உடன் சென்று பார்த்து வருவோம், அதன் பின்னர் நம் கருத்தைச் சொல்வோம் என்று கூறினோம்.

மார்கழியிலே அந்நாட்டில் சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணியாகும். ஊரிலே திருவெம்பாவைப் பூசை முடிந்து மக்கள் வீடு திரும்பி நெடுநேரம் சென்றிருக்கும். சாம்பல் நிற வெளிச்சத்திலே சிறு இயந்திரப் படகொன்றில் ஏறினோம். வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். சொற்களை எண்ணிப் பேசுபவர். நமக்கும் ஒரு தூண்டிற்கோலை நீட்டினார். வேண்டாவென்று கையசைத்தோம். காரணம் கேளாது கோலை வைத்துவிட்டு, ஒரு குவளை சூடான கோப்பியை ஊற்றித் தந்தார்.

கால்வாய்களின் இருமருங்கும் வீட்டுப்படகுகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றின் அடியிலுள்ள நிழலே பார்ஸ் மீனுக்குத் தங்குமிடம். ஒரு வீட்டுப்படகின் கூரைமேல் சாம்பல்நிற நாரையொன்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது. நம்மூர்க் குளக்கரைக் கொக்கின் பொறுமை அதனிடத்திலும் இருந்தது. வழிகாட்டி அதனைச் சுட்டி, அதுவே இந்நகரின் மிக மூத்த வழிகாட்டி என்றார். விரலளவு நீளமுள்ள இறப்பர் இரையைப் படகின் நிழலோரம் இறக்கி, மெல்ல அசைக்கும் முறையைப் பையனுக்குக் காட்டினார். கால் மணி நேரத்திலே கோல் துடித்தது. ஒரு சாண் நீளமுள்ள பார்ஸ் மேலே வந்தது. பையன் முகத்திலே தோன்றிய ஒளியை அத்தூரத்து மங்கலிலும் கண்டோம்.

நாம் உற்று நோக்கியது பிடித்த பின்னர் நடந்தவற்றையே. முதலிலே பையன் கைகளை நீரில் நனைத்தான். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலை மூடிய வழுவழுப்பான காப்புப் படலம் கழன்றுவிடும். பின்னர் அவ்விடத்திலே நோய் பற்றும். தூண்டில் முள்ளிலே, கொண்டதை விடாமற் பிடிக்கும்படி பின்னோக்கி நிற்கும் சிறு கூரை வழிகாட்டி முன்னரே குறட்டினால் நசுக்கி வைத்திருந்தார். அதனால் முள் எளிதிலே கழன்றது. எண்ணிப் பத்து எண்ணுவதற்குள் மீன் மீண்டும் நீரில் இருந்தது.

அந்நாட்டுச் சட்டமும் இவ்வொழுங்கின் பக்கமே நிற்கின்றது. உயிருள்ள மீனை இரையாகக் கோத்தல் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. 45 சென்ரிமீற்றரிற் குறைந்த ஸ்னூக்கையும், 42 இற் குறைந்த சாந்தரையும், 22 இற் குறைந்த பார்ஸையும் வைத்திருத்தல் ஆகாது. முட்டையிடும் பருவமாதலால் ஸ்னூக்கை மார்ச் முதலாந் தேதி தொடக்கமும், மற்றைய இரண்டையும் ஏப்ரில் முதலாந் தேதி தொடக்கமும், மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை வரை பிடித்தல் கூடாது. சாந்தர் மீனில் ஆண் கூட்டைக் காத்து நிற்கும். கூட்டை அணுகுவது எதுவாயினும் அதனைக் கடிக்கும். நமது வன்னிக் குளங்களிலே விரால் மீன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் கீழே காவல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. குஞ்சைக் காக்கும் அன்பே பெற்ற மீனைத் தூண்டிலிலே மாட்டிவிடுகிறது. அந்த அன்பைப் பயன்படுத்திப் பிடிக்காதே என்று ஒரு நாடு சட்டம் இயற்றியிருக்கிறது என்பதைப் பையனுக்கு விளக்கினோம். அவன் முன்னரே அதனை அறிந்திருந்தான். விராலைப் பற்றித்தான் அறிந்திருக்கவில்லை.

நண்பகலுக்கு முன் துறைமுகப் பக்கமாகச் சென்றோம். படகிலிருந்த ஒலிமானியின் திரையிலே நீரின் அடித்தளம் கோடாகவும், அதன் மேல் நிற்கும் மீன்கள் வில் வடிவங்களாகவும் தோன்றின. குளிர்காலத்திலே சாந்தர்கள் ஆழத்திற் கூட்டமாகத் தங்கும். திரையிலே அத்தகைய கூட்டமொன்று தெளிவாகத் தெரிந்தது. ஆழம் பதின்மூன்று மீற்றர். பையன் அதுவரை சாந்தர் பிடித்ததில்லை. அவசரமாக இரையை மாற்றினான். வழிகாட்டி இயந்திரத்தை மீண்டும் முடுக்கினார். இங்கே இரை இறக்குவதில்லை என்றார்.

காரணத்தை அவர் விளக்கியபோது, பௌதிக ஆசிரியர் ஒருவரின் பாடத்தைக் கேட்பதுபோல இருந்தது. மீனின் வயிற்றிலே காற்றுப்பை ஒன்று உண்டு. ஸ்னூக்கின் காற்றுப்பை தொண்டையோடு ஒரு குழாயால் இணைந்திருப்பதால், மேலே வரும்போது அது காற்றை வெளியேற்றிவிடும். சாந்தருக்கும் பார்ஸுக்கும் அக்குழாய் இல்லை. பத்து மீற்றர் ஆழத்திலே அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல இரு மடங்கு. அங்கிருந்து விரைவாக இழுத்தால் பையிலுள்ள காற்று இரு மடங்காக விரியும். உள்ளுறுப்புகள் நசுங்கும், சில வேளை வயிறே வாய்வழி பிதுங்கும். அத்தகைய மீனை நீரில் விட்டாலும் பல பிழைப்பதில்லை. விடுதல் என்பது அப்போது நம் மனச்சாட்சிக்குச் சொல்லும் ஒரு சமாதானமேயன்றி மீனுக்கு விடுதலை அன்று. பத்து மீற்றருக்குக் கீழே சாந்தரைத் தேடுவதில்லை என்பது தாம் வகுத்துக்கொண்ட விதி என்று அவர் முடித்தார்.

பையனுடைய முகம் வாடியது. பணம் கொடுத்து வந்தவரின் விருப்பத்தை மறுத்து, கண்முன் நிற்கும் மீனை விட்டு விலகிச் சென்ற அம்மனிதரிடத்திலே நமக்கு மதிப்புப் பிறந்தது. அறம் என்பது அவருக்கு ஓர் அளவாகவும் ஓர் எண்ணாகவும் இருந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு ஆழமானி சாட்சியாயிருந்தது.

பிற்பகலிலே படகைக் கரைசேர்த்துவிட்டு, நகருக்கு வடக்கேயுள்ள தாழ்நிலப் புல்வெளிக்கு வாகனத்திற் சென்றோம். நீர்ப்பள்ளத்தின் கரையோரம் நடந்து நடந்து பையன் இரையை எறிந்தான். ஸ்னூக்கின் பற்கள் நரம்பை அறுத்துவிடுமாதலால் நுனியிலே கம்பி கட்டப்பட்டிருந்தது. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பின்னர், நாணற் புதரின் ஓரத்திலே நீர் வெடித்தது. சில நிமிடப் போராட்டத்தின் பின், வலைக்குள்ளே எண்பத்தைந்து சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்னூக் கிடந்தது. ஒலிவப் பச்சை உடலிலே வெளிர்மஞ்சட் புள்ளிகள். மாலை வெயில் விழுந்த குளத்தடிபோல இருந்தது. அதன் கண் நம்மையே பார்ப்பதாக நமக்குத் தோன்றியது. ஈரமான விரிப்பிலே கிடத்தி, நீண்ட குறட்டினால் முள்ளைக் கழற்றினர். பின்னர் பையன் கரையிலே முழந்தாளிட்டு, மீனின் வாலைப் பற்றி, அது தானே உதறிக்கொண்டு செல்லும்வரை நீருக்குள்ளே தாங்கி நின்றான். குளிரிலே அவன் கைகள் சிவந்துபோயின.

கையைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "பெரியப்பா, இது பாவமோ?"

ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் நாம் விடையைச் சொல்லாமல் வினாவைப் பிரித்துக் கொடுத்தோம். திருவள்ளுவர் இவ்விடயத்தை ஓர் அதிகாரத்தோடு முடித்துவிடவில்லை. புலால் மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம். இன்னா செய்யாமை முப்பத்திரண்டாம் அதிகாரம். கொல்லாமை முப்பத்துமூன்றாம் அதிகாரம். உண்ணுதல், துன்புறுத்துதல், கொல்லுதல் என்னும் மூன்றையும் அவர் தனித்தனியே எண்ணிப் பார்த்திருக்கிறார். உன் செயலை அம்மூன்று தராசிலும் தனித்தனியே நிறுத்துப் பார் என்றோம்.

அவன் சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சாப்பிடேல்லை. கொல்லேல்லை. ஆனால் நொந்திருக்கும்." பிறகு, "மூண்டிலை ரண்டு சரி," என்றான்.

"மூன்றில் இரண்டு சித்திக்குப் போதும். மூன்றாம் பாடத்துக்கு மறுபடியும் தோற்ற வேண்டியிருக்கும்" என்றோம். அவன் சிரித்தான், ஆனாற் சிந்தனை நீங்கிய சிரிப்பு அன்று.

அம்மூன்றாம் பாடம் அறிவியலாளரையும் பிரித்து வைத்திருக்கிறது. மீனுக்கு நோகுமா? 2003 ஆம் ஆண்டிலே லின் ஸ்னெடன் என்பவரும் உடன் ஆய்வாளரும் ட்ரௌட் மீனின் தலைப்பகுதியிலே ஊறுணரும் நரம்பு முனைகள் உள்ளன என்று காட்டினர். உதட்டிலே அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் வாயைப் பரற்கற்களிலே தேய்த்தன. பல மணி நேரம் இரை கொள்ளவில்லை. ஜேம்ஸ் றோஸ் முதலியோர் இதற்கு உடன்படவில்லை. வலியை உணர்ந்து அனுபவிப்பதற்கு வேண்டிய மூளைப்புறணி மீனுக்கு இல்லை; காண்பதெல்லாம் உடலின் தன்னியக்கமே என்பது அவர்கள் கட்சி.

நாடுகளும் ஒருமனப்படவில்லை. நெதர்லாந்திலே பிடித்த ஸ்னூக்கைத் திரும்ப விடவேண்டும் என்பது பல சங்கங்களின் விதி. எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் சென்றாலோ, தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிருக்கு வலி செய்தல் குற்றம். உண்பதற்குப் பிடித்தல் தக்க காரணம், விடுவதற்கென்றே பிடித்தல் தக்க காரணம் ஆகாது என்று சட்டத்துக்குப் பொருள் கொள்கின்றனர். சுவிற்சர்லாந்து 2008 ஆம் ஆண்டின் விலங்குக் காப்பு ஒழுங்கிலே, திரும்ப விடும் நோக்கத்துடன் தூண்டிலிடுதலை வெளிப்படையாகவே தடுத்துவிட்டது. ஒரு நாட்டிலே இரக்கமெனப்படுவது அடுத்த நாட்டிலே குற்றமாகின்றது.

அன்றிரவு தம்பியாரிடம் இவையனைத்தையும் எடுத்துச் சொன்னோம். அவர் நமது வீட்டுத் திண்ணைப் பேச்சாக எடுத்துக்கொண்ட வாதமே ஜெர்மானியச் சட்டமாக நிற்கிறது என்பதைக் கேட்டு முதலிலே மகிழ்ந்தார். பையனின் வாதமே ஒல்லாந்தரின் ஒழுக்கமாக இருக்கிறது என்றதும் பையன் மகிழ்ந்தான். மூன்று அதிகாரங்களின் கதைக்கு வந்தபோது, தம்பியார் விடவில்லை.

"அண்ணை, அந்த மூண்டும் துறவறவியலிலை எல்லோ இருக்கு? நாங்கள் இல்லறத்தார்."

"இல்லறத்தானுக்கு அந்தப் பாடங்கள் இல்லை என்று வள்ளுவர் எழுதவில்லை. அவனுக்குத் தவணை கொடுத்திருக்கிறார் என்றே நாம் கொள்ளுகிறோம்" என்றோம்.

பின்னர் நம் கருத்தைச் சொன்னோம். நம் கையிலே நாம் தூண்டிற்கோலை எடுக்கமாட்டோம்; மீனுக்கு நோகாது என்று முடிவாகத் தெரியும்வரை, நோகும் என்று கொண்டு நடத்தலே நமக்குத் தகும். ஆயினும் பையனைத் தடுக்கும்படி சொல்லவும் நமக்கு மனமில்லை. கையை நனைத்த பின்னரே மீனைத் தொடுகின்ற, ஆழம் கேட்ட பின்னரே இரையை இறக்குகின்ற ஒரு பிள்ளை, உயிரைப் பற்றி நாள்தோறும் யோசிக்கும் பிள்ளை. காரணம் சொல்லாமல் விலக்கினால் அவன் தூண்டிலை விட்டுவிடலாம். அந்த யோசனையையும் அதனோடு சேர்த்து விட்டுவிடுவான். ஒன்று மாத்திரம் கேட்டுக்கொண்டோம்: ஆண்டுக்கொருமுறை அந்த மூன்றாம் பாடத்தை அவன் தானே திருத்திப் புள்ளியிட்டு நமக்கு எழுதவேண்டும், அதுவும் தமிழிலே எழுதவேண்டும் என்பதே அது.

"தீர்ப்புக் கேட்டால், பரீட்சை வைச்சிட்டுப் போறியள்" என்றார் தம்பியார்.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் இங்கேயும் நம் பிள்ளைகள் இத்தகைய கேள்விகளுடனேயே வளர்கின்றனர். தட்டிலே உள்ள மீனைக் காட்டி, கொழுக்கியில் உள்ள மீனைப் பற்றி அவர்கள் கேட்கும்போது, பெரியோர் வாயை அடைத்தல் எளிது. அந்தக் கேள்வியை அவர்களோடு சேர்ந்து நிறுத்துப் பார்த்தல் சற்றுக் கடினம். நமது தட்டையும் அத்தராசிலே வைக்க நேரிடும். இவ்வாண்டுகளிலே பையனிடமிருந்து கடிதங்கள் வந்துள்ளன. எழுத்துப் பிழைகள் குறைந்து வருகின்றன. முதற் கடிதத்திலே மூன்றாம் பாடத்துக்குத் தனக்கு நூற்றுக்கு நாற்பது இட்டிருந்தான்; அடுத்ததிலே முப்பத்தைந்து. புள்ளி ஏன் குறைந்தது என்பதற்கு அவன் எழுதிய காரணம் ஒரே வரி: இப்போது மீனின் முகத்தை முன்னிலும் கூடுதலான நேரம் பார்க்கிறேன்.